வாசற்படி யாருடையது?
(வளவும் லயமும் தொடர்மாடியும்)

மன்னார்ப் பெருநிலத்திலே மாந்தை மேற்குப் பிரிவைச் சேர்ந்த பெரியமடு, குளத்தையும் வயலையும் நம்பிய ஊர். அவ்வூரிலோ அதனையடுத்த வன்னிக் கிராமங்களிலோ ஒருவரை நோக்கி அவர் வீடு எதுவென வினவினால், வேலி தொடங்கும் இடம் முதல் வேலி முடியும் இடம் வரையுள்ள வளவு முழுவதையும் அவர் சுட்டிக்காட்டுவார். படலையைத் திறந்து உட்புகுந்தால் முற்றம், அதற்கப்பால் மண்சுவரும் கிடுகுக் கூரையும் உடையதாகவோ, வசதி வாய்த்தவிடத்துக் கல்லாலும் ஓட்டாலும் அமைந்ததாகவோ ஒரு வீடு, சற்று விலகி அடுக்களை, பின்புறத்தே கிணறு, எல்லையிலே பனையும் வேம்பும். கூரையை ஆண்டுக்கு ஆண்டு வேய்கிறார்கள். சுவர் கரைந்தால் மண்குழைத்து மீண்டும் எழுப்புகிறார்கள். மாறாதிருப்பது வளவு ஒன்றே. மகளுக்குச் சீதனமாகச் செல்வதும், உறுதியில் எழுதப்படுவதும், சகோதரரிடையே வழக்குக்கு வித்தாவதும் அதுவே. ஒல்லாந்தர் தம் ஆட்சியில் தோம்பு எழுதியபோது முதலிற் கேட்டதும் காணி எவருடையது, எல்லை எது என்பதையேயாம்.

இங்ஙனம் வளவிலே வாழ்ந்து பழகிய தமிழ்பேசும் மக்களுள் எண்ணிறந்தோர் இன்று வளவின்றி வாழ்கின்றனர். வலப்பக்கச் சுவர் ஒரு குடும்பத்துக்கும் பொது. இடப்பக்கச் சுவர் மற்றொரு குடும்பத்துக்கும் பொது. தலைக்குமேலே நடப்பவர் வேறொருவர். இத்தகைய கூட்டு இல்லங்களை இக்காலத்தில் விற்போர் அறைக்கணக்காலும் சதுர அடியாலும் மாடி எண்ணாலும் வகுத்துக் கூறுவர். வாங்குவோனுக்கு அப்பாகுபாடு பயன்படலாம். வரலாற்றை ஆராய்வோனுக்கு வேறொரு வினாவே தெளிவு தரும் என்பது எம் கருத்து. அவ்வில்லத்தின் வாசற்படி யாருடையது? வேலை கொடுத்தவனுடையதா, வாடகை வாங்குபவனுடையதா, அரசினுடையதா, அன்றி உள்ளே வாழ்பவனுடையதா? ஒரே அளவான அறையில் இருவர் வாழும் வாழ்வு இவ்வினாவின் விடைக்கேற்ப முற்றிலும் வேறுபடும். இவ்வரலாற்றின் முதல் அதிகாரத்தைக் கொழும்பிலே தேடவேண்டியதில்லை. பெரியமடுவுக்குத் தெற்கே சில மைல் தொலைவிற் செல்லும் பழைய வீதியிலேயே அது தொடங்குகிறது.

அதற்குமுன் ஒன்று கூறவேண்டும். நெருங்கி வாழும் குடியிருப்பை மன்னார்க்கரை முன்னரே கண்டதுண்டு. முத்துக்குளிப்பு நடைபெற்ற ஆண்டுகளில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி முதலாய இடங்களிலே ஓலைக்குடில்கள் வரிசைவரிசையாக எழுந்து தெருக்களாயின. சம்மாட்டிகளும் முத்துக்குளிப்போரும் வணிகரும் காவலருமாகப் பல்லாயிரவர் அங்கே குழுமினர். 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அரச அலுவலராகக் கடமை பார்த்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப் என்பார். எனினும் அந்நகரம் சில கிழமைகளுக்கே உரியது. சிப்பி முடிந்தால் நகரமும் முடியும்; குடில்கள் வெறுமையாகும்; மக்கள் தத்தம் ஊர் திரும்புவர். திரும்புவதற்கு அவர்களுக்கு ஊர் இருந்தது. மலைநாட்டு லயத்துக்கும் இக்குடில்களுக்கும் உள்ள பெரும் வேற்றுமை அதுவே.

கோப்பிப் பயிர்ச்செய்கை மலைநாட்டிற் பரவிய 19ஆம் நூற்றாண்டில், தமிழகத்தினின்று வந்த தொழிலாளர் தோணிகளில் மன்னார்க்கரையை அடைந்து, மன்னார், மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைவரை கால்நடையாகவே சென்றனர். நூறு மைல்களுக்கு மேற்பட்ட அவ்வழி காடும் வறட்சியும் உடையது. கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். தங்குமடங்களும் கிணறுகளும் பின்னரே ஏற்பட்டன. வடபாதை அந்நூற்றாண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. ஆயினும் 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவையும், தலைமன்னாரிலிருந்து புகையிரதப் பாதையும் தொடங்கியபோது மன்னார் மீண்டும் அம்மக்களின் நுழைவாயிலாயிற்று.

கோப்பிக் காலத்துத் தொழிலாளருட் பலர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பியவர்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867இல் தொடங்கிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டிய பயிர். ஆகவே ஆடவர் மட்டுமன்றிப் பெண்டிரும் பிள்ளைகளும் மலையிலே நிலையாகத் தங்கவேண்டியதாயிற்று. பருவகாலக் கொட்டில் நிரந்தர இல்லமாகியது இவ்வாறே. இல்லத்தின் வடிவம் மாறவில்லை. அதில் வாழும் காலமே மாறிற்று. எமக்கு இது லயத்தின் வரலாற்றிலே மிக முக்கியமான செய்தியாகத் தோன்றுகிறது.

லயத்தின் அமைப்பு யாவரும் அறிந்ததே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறைகள், நீண்ட ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்கும். அறையைத் தோட்டத்தார் ‘காம்பரா’ என்பர். முன்னேயுள்ள ஒடுங்கிய திண்ணையை ‘இஸ்தோப்பு’ என்பர். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற சொற்கள், அவர்கள் கண்டிராத குடிகளின் வாயிலே நிலைத்துவிட்டன. ஒருபக்கம் மட்டும் அறைகளுள்ளது ஒற்றை லயம். முதுகுக்கு முதுகு ஒட்டி இருபுறமும் அறைகளுள்ளது இரட்டை லயம். இதிலே பின்சுவர் பொதுவாதலால் சாளரம் வைக்கவும் வழியில்லை, காற்றும் ஊடுருவாது. வரிசையின் ஈற்றிலுள்ள தொங்கல் காம்பராவுக்கு மூன்றுபக்கமும் வெளியுண்மையால் அது கிடைத்தவர் பேறுபெற்றவர். தண்ணீருக்குப் பீலி, கழிவுநீருக்குக் கான், தாய்மார் மலைக்குச் சென்றபின் குழந்தைகளுக்குப் பிள்ளைக்காம்பரா. துரையின் பங்களா மேட்டிலும் லயம் தாழ்விலும் அமைந்தமையால், கண் நிமிர்ந்தவிடமெல்லாம் அதிகாரம் தென்பட்டது.

இத்தனை சிறிய இடத்தில் ஒரு குடும்பம் எங்ஙனம் வாழ்ந்தது? அடுப்பு பெரும்பாலும் இஸ்தோப்பின் ஒரு மூலைக்குச் சென்றது. மலைக்குளிரிலே ஈரவிறகின் புகை கூரையைக் கறுப்பாக்கிற்று. மகனுக்கு மணமானால் சேலையோ சாக்கோ திரையாகி அறை இரண்டாயிற்று. இஸ்தோப்பை அடைத்து இன்னோர் அறை எழுந்தது. முதியோர் அடுப்படியிற் படுத்தனர். அடுத்த காம்பராவின் இருமலும் ஏச்சும் தாலாட்டும் இங்கே கேட்கும். இரகசியம் என்பது அரிதான பொருள். அதே வேளையில் ஒரு வீட்டுச் சாவும் ஒரு வீட்டுப் பிரசவமும் லயம் முழுவதற்கும் உரியனவாயின. முன்னேயுள்ள வாசல் எல்லோருக்கும் பொது. காமன் பொட்டலிலே நடந்த கூத்தும், கோயில் திருவிழாவும், பின்னாளிலே தொழிற்சங்கமும், இந்த நெருக்கத்திலிருந்தே வலிமை பெற்றன. லயத்தைக் கண்டிப்போர் இதனையும் கூறாதொழிதல் முறையன்று. ஆனால், அண்டை அயலாரின் அன்பைக் காட்டி லயத்தைப் புகழ்வோரை எம்மாற் பொறுத்தல் இயலாது. அன்பு மக்களுடையது, சாளரமில்லாத சுவர் முதலாளியுடையது.

வாசற்படி யாருடையது என்ற வினா இங்கேதான் கூர்மை பெறுகிறது. காம்பரா வேலையோடு கட்டுண்டது. வேலை போனால் கூரையும் போகும். 1946இல் கேகாலைப் பகுதியைச் சேர்ந்த நேவ்ஸ்மியர் தோட்டத்தில், கிராம விஸ்தரிப்புக்காகக் காணி எடுக்கப்பட்டு அங்கு வாழ்ந்த தொழிலாளரை அகற்ற முற்பட்டபோது மலையகத்திற் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தாம் பிறந்து வளர்ந்த அறையிலே இருத்தல் குற்றமாகுமோ என்பதே அன்று எழுந்த கேள்வி. ஈராண்டு கழித்து 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வீட்டுக்கு உறுதியில்லாதவன் நாட்டுக்கும் உறுதியில்லாதவனானான். தனிமுகவரியும் அவனுக்கு இருந்ததில்லை. தபால் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டத்து அலுவலகத்தின் கைக்கூடாகவே அவனை அடைந்தது.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. பாட்டன் வந்திறங்கிய அதே மன்னார்க்கரையினூடாகப் பேரன் கப்பலேறினான். சென்றவர்களுட் பலருக்கு நீலகிரியிலே தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் வேலை கொடுத்தன. வேலையோடு குடியிருப்பும் கிடைத்தது. அதுவும் தோட்டத்துக்கு உரிய வரிசை வீடே. தொழிலிலிருந்து ஓய்வுபெற்றால் வீட்டை விடவேண்டும் என்ற பழைய அச்சமும் கடல்கடந்து உடன்சென்றது. இருநாட்டு அரசுகள் கூடிப் பேசி எழுதிய ஏட்டிலே ‘வீடு’ என்பதற்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை.

கப்பலேறாது வடக்கே வந்தவரும் உளர். 1958, 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாலும், 1973, 1974ஆம் ஆண்டுகளின் பட்டினியாலும் மலையை நீங்கிய குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளில் வந்து குடியேறின. இவர்களைக் குடியேற்றும் பணியிலே காந்தியம் என்னும் இயக்கம் முன்னின்றது. அதனை நடாத்தியவர்கள் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் ஆவர். பெருநகர்க் கட்டடங்களுக்கு வரைபடம் வரையவல்ல ஒருவர், வன்னிக் காட்டிலே குடிசைக்கும் கிணற்றுக்கும் இடம் குறித்தமை நினைக்கத்தக்கது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். அன்று குடியேறியோர் பலர் முதன்முறையாக ஒரு வேலியைத் தாமே கட்டினர்.

இனி, கொழும்புக்கு வருவோம். அங்கே லயத்துக்கு ஒரு தமையன் உண்டு; அதன் பெயரும் ‘தோட்டம்’ என்பதே. 1875இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டபின் துறைமுகம் வளர, வேலைதேடி வந்தோருக்கெனத் தனவந்தர் தம் பெருவளவுகளிலே வரிசை அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். ஒரு தண்ணீர்க்குழாய்க்குப் பல குடும்பம், மலகூடமும் அவ்வாறே. சென்னைவாசிகள் ‘ஸ்டோர்’ என்றும் ஒண்டுக்குடித்தனம் என்றும் வழங்கியவற்றோடு இவை பெரிதும் ஒக்கும். லயத்திலே வேலை கொடுப்பவனும் வீட்டுக்காரனும் ஒருவன். இங்கே அவர்கள் வேறுவேறு. வேலையை இழந்தவன் வாடகை கொடுக்க முடியுமாயின் அறையை இழக்கமாட்டான். சிறிய வேற்றுமைதான்; ஆனால் அச்சிறுமையிலே ஒரு மனிதனின் துணிவு அடங்கியிருக்கிறது.

மாடிக்குமேல் மாடியாக அடுக்கிக் குடியிருத்தல் புதுமையெனக் கருதுவோர் உரோமாபுரியை நினைத்தல் வேண்டும். அங்கே ‘இன்சுலா’ எனப்பட்ட வாடகை மாளிகைகள் பல தளங்களாக எழுந்தன. இடிந்துவிழும் அச்சத்தால் ஒகஸ்தஸ் மன்னன் அவற்றின் உயரத்தை எழுபது அடிக்கு மட்டுப்படுத்தினான். கீழ்த்தளத்திற் செல்வரும், படியேற ஏற வறியவரும் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்தூக்கியின் முன்னோடியான பொறி வந்தபின்னரே உயரம் செல்வத்துக்குரியதாயிற்று. இன்றும் மின்தூக்கி பழுதானவன்று கொழும்புத் தொடர்மாடிகளில் உரோமச் சட்டம் மீண்டும் நடைமுறைக்கு வருவதைக் காணலாம்.

இலங்கையிலே 1973ஆம் ஆண்டு இவ்வகையிற் பெரிய ஆண்டு. வீடமைப்பு அமைச்சராகப் பீற்றர் கெனமன் இருந்த காலம் அது. அவ்வாண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தி, வாடகைக்குடிகள் தாம் வாழ்ந்த வீட்டையே விலைக்குப்பெற வழிதிறந்தது. அதே ஆண்டின் மாடிமனை உடைமைச் சட்டம், நிலத்தைத் தொடாத ஓர் அறைத்தொகுதிக்கும் தனியுறுதி எழுதலாம் என்பதை நிலைநாட்டிற்று. எங்கள் பாட்டனாருக்கு இது விளங்கியிராது. காணி எங்கே என்று கேட்டால், காணி எல்லோருக்கும் பிரிக்கப்படாத பங்காகப் பொது; படியும் கூரையும் நடைபாதையும் பொது; நான்கு சுவருக்கு உட்பட்ட வெளியே உமது. வளவில்லாத உறுதி தமிழரின் சீதனப் பேச்சிலே இடம்பெறத் தொடங்கியது இதன் பின்னரேயாம்.

வெள்ளவத்தையில் இதன் பயனை யாவரும் காணலாம். 1983இன் பின்னரும், சிறப்பாகத் தொண்ணூறுகளிலும், வடக்கினின்று இடம்பெயர்ந்தோர் அங்கே குழுமினர். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணம், பழைய தனிவீடுகள் இருந்த நிலத்திலே தொடர்மாடிகளை எழுப்பிற்று. படலைக்குப் பதில் காவலாளி, கிணற்றடிக்குப் பதில் மொட்டைமாடியிலே நீர்த்தாங்கி, துளசிக்குச் சாடி, பொங்கலுக்கு வாகனத் தரிப்பிடம். உயிர்நீத்தாரை மின்தூக்கியில் இறக்க இயலாமையால் கிரியை மலர்ச்சாலையில் நடக்கிறது. முற்றமில்லாதவிடத்துச் சாவும் வாடகை மண்டபம் தேடுகிறது. அயல்வீட்டார் பெயரறியாது பல ஆண்டு வாழ்தலும் இங்கே இயலும்; லயத்தில் அது கனவிலும் நடவாது. 2022ஆம் ஆண்டு எரிவாயு கிடையாது நாடு தவித்தபோது, வளவிலே இருந்தவர் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினர். ஐந்தாம் மாடியில் இருந்தவருக்கு அடுப்பு மூட்ட இடமில்லை. மின்வெட்டினால் நீரிறைக்கும் பொறியும் நின்றது.

உறுதி உள்ளவரின் நிலை இது. உறுதியில்லாது அதே வெள்ளவத்தையிலும் கோட்டையை அண்டிய பகுதிகளிலும் விடுதிகளிலே தங்கியோர் வேறொன்றைக் கண்டனர். 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில் பல நூறு தமிழர், விடுதிகளினின்று எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தடுத்தது. கொழும்பிலே தங்குவதற்குக் காரணம் காட்டுமாறு கேட்கப்பட்டவர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு வாடகைச் சிட்டையே இருந்தது.

அரசு கட்டிய மாடிகள் மற்றொரு வகை. பம்பலப்பிட்டித் தொடர்மாடி, மாளிகாவத்தைத் தொடர்மாடி முதலியவற்றை அடுத்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சேரிவாழ்நருக்கென 671 வீடுகளுடன் சஹஸ்புர எழுந்தது. 2010இன் பின்னர் தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பகுதிகளில் சுமார் 400 சதுர அடி கொண்ட வீடுகள் பன்மாடியாகக் கட்டப்பட்டன. குடிசையை விட இவை உறுதியானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தோட்டத்து வாசலிலே இடியப்பம் அவித்து விற்றவளுக்கும், மரக்கறி தள்ளுவண்டி வைத்திருந்தவனுக்கும் எட்டாம் மாடியிலே கடை போட முடியாது. அவர்களுக்கு வாசல், பிழைப்பின் ஒரு பகுதி. வீட்டை அளந்தவர்கள் அதனை அளக்கவில்லை.

சிங்கப்பூர் இதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பதைச் சுருங்கக் கூறுதல் பொருந்தும். 1960இல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ ஆயிரக்கணக்கானோரை வீடற்றவராக்கியதும் கட்டடப்பணி விரைந்தது. 1964 முதல் வீடுகள் விற்பனைக்கு வந்தன. 99 ஆண்டுக் குத்தகை என்றாலும் வாழ்பவனே உடையவனானான். கட்டடத்தின் கீழ்த்தளத்தை வெறுமையாகவே விட்டனர். தமிழர் திருமணமும், மலாயர் விருந்தும், சீனர் இழவும் அத்தளத்திலேயே நிகழ்கின்றன. முற்றத்தைப் பறித்துக் கட்டிய மாடிக்குக் கீழே ஒரு முற்றத்தைத் திருப்பிக்கொடுத்த அச்சிந்தனையை எமது நகரத் திட்டக்காரர் நோக்குவாராக.

மீண்டும் மன்னாருக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடத்தல்தீவு, எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார் ஊர்களின் முஸ்லிம் மக்கள், வடக்கின் ஏனைய முஸ்லிம்களுடன் விடுதலைப் புலிகளாற் சில நாளிலே வெளியேற்றப்பட்டனர். கடல்வழியாகக் கற்பிட்டியை அடைந்து, புத்தளக்கரையின் ஓலைக் கொட்டில்களிலே ஒரு தலைமுறையை வளர்த்தனர். வளவிலே பிறந்தவர்கள் வரிசைக் கொட்டிலிலே முதியவராயினர். 2007 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே மாந்தை மேற்கின் தமிழ்க் குடிகளும் ஊரைவிட்டு வெளியேறினர். ஈற்றில் செட்டிகுளம் மெனிக் பாமின் கூடாரங்களை அடைந்தவர் பலர். அங்கே ஒரு கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் இடையே ஒரு முழக்கயிறே எல்லை.

திரும்பியவர்களுக்குச் சுவர் இருக்கவில்லை. காடு மூடிய நிலத்திலே கிணற்றுக்கட்டையும் எல்லைப்பனையையும் தேடித் தம் வளவை அடையாளங் கண்டனர். 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா வழங்கி, 550 சதுர அடி வீட்டை அவர்களே கட்டுமாறு விட்டது. வரைபடத்திலே குசினி உள்ளே இருந்தது. வன்னிப் பெண்களோ வெளியே ஓர் ஓலைக் கொட்டிலைப் போட்டு அதிலேயே சமைக்கின்றனர். அதே திட்டத்தில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. இரட்டை லயம் இன்னும் நிற்கும் மலைகளிலே, காணியுடன் தனிவீடு என்பதே இப்போது முதற் பேச்சு.

2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவுற்றமையை முன்னிட்டு, முன்னோர் நடந்த வழியே அவர்கள் மாத்தளைவரை நடந்தனர். வழியிலுள்ள ஊர்களிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களுக்குச் சோறும் நீரும் கொடுத்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, வீட்டுக்கும் வாழ்வாதாரத்துக்கும் உறுதியுடன் கூடிய காணி. ஆகஸ்டு 12ஆம் நாள் அவர்கள் மாத்தளையை அடைந்தனர்.